வரை

சட்டத்தில் அந்த இடத்தில் ஒரு சின்னச் சொல்:
இரண்டு ஆண்டுகள் வரை.
கோத்தகிரி நீதிமன்றத்தில் பதினேழு வருடமாகச் சுருக்கெழுத்து எடுக்கிறேன்.
அந்தச் சொல்லில் மட்டும் விரல் இடறும்.
வரை என்றால் எல்லை.
பழந்தமிழில் மலை.
எழுது என்றும் பொருள் உண்டு, கோடு இழுத்து.
எங்கள் நடுவர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறார்.

எதிரி போஜராஜன், நாற்பத்தொன்று, இலை லாரி ஓட்டுநர்.
இறந்தவர் யோகராணி, முப்பத்து நாலு,
எடைபோடக் காத்து நின்றவர்.
அரவேணு தாண்டி மூன்றாம் கொண்டை ஊசி வளைவு.
மகஜரில் வரிசை எண் ஆறு:
பச்சை ரப்பர் செருப்பு, ஒன்று.

பக்கத்தில் நின்ற தங்கலட்சுமி கூண்டேறிச் சொன்னாள்:
"சத்தமே இல்லீங்க. பனிக்குள்ளேருந்து
சும்மா மொளச்சு வந்துச்சு."
வாகனம் ஒலியின்றி வந்தது என்று தட்டினேன்.
நடுவர் எட்டிப் பார்த்தார்.
அந்தம்மா சொன்னபடியே போடுங்க.

அந்தச் சத்தமின்மைதான் வழக்கே.
இறக்கத்தில் நியூட்ரல் போட்டு, சாவியையும் திருப்பி,
டீசல் மிச்சம் பிடித்திருக்கிறார்.
அரை லிட்டர் இருக்குமா, கேட்டார் நடுவர்.
முக்கால்கூட இருக்கும், என்றார் மோட்டார் வாகன ஆய்வாளர்.
பிரேக் நன்று. டயர் நன்று.
இயந்திரக் கோளாறு ஏதுமில்லை.
தகரத்துக்கு இத்தனை நற்சான்று.

தண்டனை பற்றி ஏதாவது சொல்கிறீர்களா?

"மூத்தவ பிளஸ் டூங்க. எனக்கு இது மொத கேஸ்."
கொஞ்சம் நிறுத்தி,
"டீசல் கூடினா மொதலாளி கூலியில பிடிப்பாருங்க."
முதலாளியின் பெயரைத் தேடினேன்.
குற்றப்பத்திரிகையில் இல்லை.

அரசு வக்கீல் எழுந்தார். மலைப்பாதை, பாடம், முன்மாதிரி.
அவரே உட்காரும்போது முணுமுணுத்தார்:
ஆனியில் வந்த புதுச் சட்டத்தில் ஐந்து ஆண்டுகள் வரை.
இவள் தை மாதமே செத்துவிட்டாள்.

ஊட்டியில் இழப்பீட்டு வழக்கு தனியாக நடக்கிறது.
முப்பத்து நாலு வயதுக்கு அங்கே ஒரு பெருக்கெண், பதினாறு.
அவள் கூலியில் அவள் தின்றது போக
மிச்சத்தைப் பதினாறால் பெருக்குவார்கள்.
இங்கே கழித்தல் மட்டும்:
ஜாமீனுக்கு ஆள் கிடைக்காமல் உள்ளே இருந்த
நாலு நாள் கழிக்கப்படும்.

ஒரு வருடம், என்று சொல்லத் தொடங்கினார்.
அடிச்சிடுங்க.
எட்டு மாதம்.
தேயிலை ஆலையில் சங்கு ஊதி ஓய்ந்தது.
யோகராணியின் புருஷன் கடைசி பெஞ்சில்
தொப்பியைச் சுருட்டி, விரித்து, சுருட்டி.
ஒன்பது, என்றார். ஒன்பது மாதம் சாதாரணச் சிறை, பத்தாயிரம் அபராதம்.

எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே
அவர் எங்கே போய்த் திரும்பினார்?
தீர்ப்பில் அதற்கு வரி இல்லை.
காரணங்கள் என்ற தலைப்பின் கீழே
இரண்டரைப் பக்கம் தட்டியவள் நான்,
சொல்கிறேன், இல்லை.

நாலு மணிக்கே மேல்முறையீடு வரை தண்டனை நிறுத்தம்.
பார்த்தீர்களா, இங்கும் ஒரு வரை.

ஐந்தரை மேட்டுப்பாளையம் பஸ்ஸில்
எனக்கு இரண்டு இருக்கை முன்னால் அவர்.
உரிமம் நீதிமன்ற அலமாரியில்.
டிக்கெட் எடுக்கச் சில்லறை எண்ணிக் கொடுத்தார்.
அரவேணுவில் பனி இறங்கியிருந்தது.
பஸ் இரண்டாம் கியருக்கு இறங்கி, முனகி,
வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தபடி போனது.
எடைக் கொட்டகையில் யாரோ சாக்கு உதறினார்கள்.

மூன்றாம் வளைவில்
போஜராஜனின் வலது கால்
பஸ்ஸின் தகரத் தரையை மிதித்தது,
பாதம் முழுக்க, முட்டி நடுங்க.
வளைவு முடிந்து வெகுநேரம் வரை
எடுக்கவில்லை.