நாலு கிராம் கூட

சீஆர் கொப்பியின் முதல் பக்கம்,
ஜனவரி எட்டு, திங்கள்.
ஸ்குவாட், வெறும் பார், இருபது கிலோ,
ஐந்து ஐந்து ஐந்து.
கீழே, கை நடுங்கிய எழுத்தில்:
"படியிறங்க முழங்கால் கேட்கவில்லை.
மட்டக்குளி பஸ் போய்விட்டது."

கொட்டாஞ்சேனையில், டயர்க் கடைக்கு மேலே,
இரண்டு விசிறியில் ஒன்று மட்டும் சுற்றுகிற அறை.
கண்ணாடி கிடையாது. அதற்காகத்தான் சேர்ந்தேன்.
பார் தொம்மென்று விழுந்தால்
கடை முதலாளி கீழேயிருந்து
தும்புத்தடியால் கூரையைத் தட்டுவார்.

நான் கணக்கெழுதுகிறவள்,
கப்பல் ஏஜென்சியில் பதினேழு வருஷம்.
இரண்டு பக்கமும் சமப்படாமல் வீட்டுக்குப் போகாத ஆள்.
இந்தக் கொப்பிக்கு ஒரு பக்கம்தான்.
திங்கள், புதன், வெள்ளி,
ஒவ்வொரு தடவையும் இரண்டரை கிலோ கூட.
பெப்ரவரி முழுக்க அப்படியே போனது.
நானே நம்பவில்லை, எங்கோ பிழை இருக்கிறதென்று
பழைய பக்கங்களைக் கூட்டிப் பார்த்தேன்.

"எவ்வளவு குறைஞ்சிருக்கு?" என்று கேட்டார்கள்
லிஃப்டில், கோயில் வாசலில், ஒரு கல்யாண வீட்டில்.
கூடியிருக்கு என்றேன்.
முப்பத்தேழரை கூடியிருக்கு.
என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு
ரோல்ஸ் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள்.

மார்ச்சில், தலைக்கு மேல் தூக்குவது நின்றது.
இருபத்தேழரை. ஐந்து, நான்கு, மூன்று.
இருபத்தேழரை. ஐந்து, நான்கு, மூன்று.
இருபத்தேழரை. ஐந்து, மூன்று, காய்ச்சல்.
அந்தப் பக்கத்திலிருந்து பேனை இல்லை, பென்சில்.
அழித்த இடம் ஒன்று உண்டு, ஏப்ரல் மூன்று.
அன்று நான்கைத் தூக்கிவிட்டு ஐந்தென்று எழுதினேன்.
ஃபஸ்மினா எண்ணிக்கொண்டு நின்றவள்.
ஒன்றும் சொல்லாமல்
தன் முறைக்குப் போய்ப் பாரின் கீழே படுத்தாள்.
பஸ்ஸில் சீட் கிடைத்தும் இருக்க முடியவில்லை.
வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றாமல்
ரப்பரைத் தேடினேன்.

"இருபத்தைந்துக்கு இறங்குங்கோ" என்றாள் வெள்ளிக்கிழமை.
இறங்கினேன்.
அங்கே ஆகச் சின்னப் பிளேட் ஒன்றேகால்,
இரண்டு பக்கமும் போட்டால்
மறுபடி அதே இருபத்தேழரை.

பழைய சோனகத் தெருவில் ஒரு ஹாட்வெயார் கடை.
"எந்த போல்டுக்கு வொஷர், மிஸ்?"
போல்ட் இல்லை. நிறைதான் வேணும்.
இருநூற்றைம்பது கிராம், இரண்டு பங்கு.
பைத்தியம் என்று நினைத்திருப்பார்,
என்றாலும் தராசைத் துடைத்தார்.
ஒவ்வொன்றாக வைத்தார், தங்கம் நிறுப்பதுபோல.
பதினாலாவதில் இருநூற்று ஐம்பத்திரண்டு.
மற்றப் பங்கிலும் அதுவே.
"ரெண்டு கிராம் கூட நிக்குது, எடுக்கவா?"
நிக்கட்டும்.

சப்பாத்துக் கயிற்றில் கோத்து
பாரின் இரண்டு நுனியிலும் கட்டினோம்.
தூக்கத் தூக்கச் சலங்கை மாதிரிக் கிலுங்கியது.
லஹிரு திரும்பிச் சிரித்தான்,
பிறகு அவனாகவே எண்ணத் தொடங்கினான்,
எக்காய், தெக்காய், துனாய், ஹதராய்.
ஐந்தை இரண்டு மொழியிலும் கேட்டேன்.

இன்னும் மூன்று சோடிக்கு அதே கடைக்குப் போனேன்.

ஜூனில் கந்தோரில் தண்ணீர்ப் போத்தல் முடிந்தது,
பத்தொன்பது லீட்டர்.
ஜெயரூபன் லீவு. நானே தூக்கிக் கவிழ்த்தேன்.
ஒருவரும் பார்க்கவில்லை என்றிருந்தேன்.
அடுத்த போத்தலிலிருந்து அது என் வேலையாயிற்று.
கொப்பியில் அதற்குப் பந்தி இல்லை.

இருபத்தேழரையைத் தாண்டிய நாள்
பேனையால் எழுதியிருக்கிறது, கொஞ்சம் அழுத்தி:
இருபத்தெட்டு தசம் பூச்சியம் பூச்சியம் நான்கு.
ஃபஸ்மினா எட்டிப் பார்த்து,
"அந்த நாலு என்னத்துக்கு, விடுங்கோ" என்றாள்.

கந்தோரில் நாலு ரூபாய் உதைத்தால்
இரவு எட்டு மணிவரை இருந்து தேடுவேன்.
இது எங்கே இருக்கிறதென்று தெரியும்.
தூக்கியும் இருக்கிறேன்.
விடமாட்டேன்.