மூன்றாம் அறையின் ஈரப்பதம்

ஐம்பத்தைந்து.
அதற்கு மேல் ஏறினால் எழுதிவை,
அறுபதைத் தொட்டால் ஓடிவந்து சொல்
என்றுதான் வேலையில் சேர்த்தார்கள்.
படத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலையில்லை.
படம் இருக்கும் காற்றைப் பார்த்துக்கொள்வது.

மண்டபத்தில் போய் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.
இங்கே தீக்குச்சியை உரசினால்
மருந்து குழைந்து பெட்டியில் ஒட்டும்.
பொரித்த அப்பளம் தட்டுக்கு வருவதற்குள் துவண்டுவிடும்.
கச்சான் அடித்தால் பூட்டுக்குள் உப்பு,
கொண்டல் அடித்தால் சாவியில் துரு.
இந்த ஊரில்
ஒரு கட்டடத்துக்கு மட்டும் வேறு வானிலை.
வாசலில் செவ்வந்தித் தோரணம், ரிப்பன்.
‘நவீன கலை அருங்காட்சியகம்’ என்ற பித்தளை எழுத்தில்
கடைசி ‘ம்’முக்கு மட்டும்
புள்ளி இன்னும் வந்துசேரவில்லை.

பதினொன்றுக்குத் திறப்பு.
அமைச்சருக்குப் பதில் அவருடைய வாழ்த்து வந்தது.
வெள்ளித்தட்டில் வைத்த கத்தரிக்கோல் வெட்ட மறுத்தது.
பந்தல்காரர் நிஸ்தார்
மடியிலிருந்து எடுத்துத் தந்த கத்திதான்
ரிப்பனை அறுத்தது.

மூன்றாம் அறையில் ஒரே படம்.
சுவர் அகலத்துக்கு நீலம். வேறொன்றுமில்லை.
தலைப்பு: தலைப்பில்லை.
மதுரையிலிருந்து வந்தவர்கள்
கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து நின்றார்கள்.
பல் டாக்டர்போல் ஒருவர் ‘ம்’ என்றார்.
ஐம்பத்தாறு. எழுதினேன்.

இரண்டரைக்கு அவர்கள் வந்தார்கள்.
பாசி எடுத்துக் கரையேறி,
எடைக்காரர் வருகிறவரை நிழல் தேடி
எட்டுப் பேர்.
சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை.
விரல்களில் சுற்றிய கிழிசலை இன்னும் அவிழ்க்கவில்லை.
நெற்றியில் ஏற்றிவிட்ட முக்குளிக் கண்ணாடி.
“டிக்கெட் இருக்கா?”
இன்றைக்கு இல்லை என்றேன்.
பின்னாலேயே கடலும் சொட்டுச் சொட்டாக உள்ளே வந்தது.

ஐம்பத்தெட்டு.
ஐம்பத்தொன்பது.

நீலத்தின் முன் பேச்சு நின்றது.
பிறகு நம்புராணி சொன்னாள்:
“ரெண்டு பாகம் இருக்கும்.”
“போடி. ரெண்டு பாகத்துல தரை தெரியாதா?
இது நாலு.”
“கலங்கலா இருந்தா?”
“கலங்குனா பச்சையில்ல அடிக்கும்.
இது தெளிஞ்ச தண்ணி, மத்தியானத்துக்கு முந்தி.
மேல மேகம் போகுது. அந்த ஓரத்தப் பாரு.”

நான்கு வாரமாக
தூசி என்று நான் நினைத்திருந்தது
மேகம்.

அறுபது.

ஓடிப்போய்ச் சொன்னேன். மேடம் வந்தார்.
மிகவும் மரியாதையாக
ஈரத்துணி, மூச்சுக்காற்று, பூஞ்சை என்று விளக்கினார்.
உங்களைப் போகச் சொல்லவில்லை என்றார்.
அதாவது, போகச் சொன்னார்.

“மூச்சுதானே?” என்றாள் இருதயமேரி.
“அடக்கிக்கிடுறோம்.”

நெஞ்சு நிறைய ஓர் இழுப்பு.
கண்ணாடிகளைக்கூட இறக்கிக்கொண்டார்கள்.
எட்டுப் பேரும் வாய்மூடி
நீலத்துக்குள் இறங்கினார்கள்.

ஏசியின் சத்தம் மட்டும்.
யாருடைய கூந்தலிலிருந்தோ
புதுத் தரையில் ஒரு சொட்டு.
மேடமும் மூச்சை அடக்கியிருந்தார் என்பது
அவர் விட்டபோதுதான் தெரிந்தது. இருமினார்.
அவர்கள் இன்னும் உள்ளே.
ஒருத்தியின் கை மட்டும் லேசாக அசைந்தது,
பாறை இடுக்கில் எதையோ
தடவிப் பார்ப்பதுபோல.

பிறகு ஒவ்வொருத்தியாக மேலே வந்தார்கள்.
கடைசியாக வந்தவள் நம்புராணி.
“நாலுதான்,” என்றாள்,
பந்தயத்தில் தோற்ற குரலில்.

பதிவேட்டில் அறுபத்தொன்று என்று எழுதினேன்.
‘காரணம்’ என்ற கட்டத்தில் என்ன போட, என்றேன்.
மேடம் பேனாவை வாங்கினார், யோசித்தார்,
மூடித் திருப்பித் தந்தார்.

மூன்று வாரமாயிற்று.
‘ம்’முக்குப் புள்ளி வந்துவிட்டது.
ஆளில்லாத மதியங்களில்
நானும் அடக்கிப் பார்க்கிறேன்.
இருபத்தேழு எண்ணுவதற்குள் காது அடைக்கிறது.
இன்னும் தரை தெரியவில்லை.