கோடிட்ட இடத்தை நிரப்புக

சாட்ஸ்வொர்த், ஆறாம் யூனிட், சமூகக் கூடம்.
மாலை ஐந்தரை. வந்தவர்கள் பதினான்கு பேர்,
நாற்காலிகள் பதினொன்று.
குறிப்பெடுப்பவள் ரூக்மணி படையாச்சி.
நான் மட்டையைத் தொட்டதே இல்லை.
கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் செயலாளர்.

அணி இருக்கிறது. பயிற்சியாளர் இருக்கிறார்.
செயற்கைப் புல் வாரம் மூன்று நாள் வாடகைக்கு இருக்கிறது.
பெயர்தான் இல்லை.
நாளைக் காலைக்குள் லீக் அலுவலகத்தில் சொல்லியாக வேண்டும்.
சட்டையில் அச்சடிப்பவன்
எழுத்துக்கு ஒன்பது ராண்ட் கேட்கிறான்.

சுறா என்றார் ஒருவர்.
சுறாவை ரக்பிக்காரர்கள் எப்போதோ பிடித்துப் போய்விட்டார்கள்.
அடுத்தது சிங்கம், அடுத்தது புலி.
"டர்பனில் புலியை எங்கே பார்த்தாய், சாகரன்?
கசினோ இயந்திரத்திலா?"
பணம் போடும் குபேந்திரனுக்கு மிளகாய்த்தூள் ஆலை.
'மசாலா மகாராணிகள்' என்று
படமே வரைந்து கொண்டுவந்திருந்தார்,
கிரீடம் வைத்த மிளகாய்.
அதை மரியாதையோடு கைமாற்றிக்கொண்டோம்
சாவு வீட்டில் புகைப்படம் பார்ப்பது போல.

"மைனா" என்றார் பூபாலன்.
கப்பலில் நம்மோடு வந்தது, நம்மைப் போலவே பெருகியது,
எங்கே விட்டாலும் பிழைக்கும், வாயும் அதிகம்.
கைதட்டினார்கள். எழுதியும் விட்டேன்.
கோல் காக்கும் நொம்செபோ
காலுறையை மடித்தபடியே சொன்னாள்:
"எங்கள் வீட்டு மரங்கொத்தியின் பொந்தில்
இப்போது மைனாதான் குடியிருக்கிறது.
அந்தப் பெயரை மார்பில் போட்டுக்கொண்டு
என் அம்மா முன்னால் எப்படி நிற்பேன்?"
யாரும் பதில் சொல்லவில்லை.
அடித்துவிட்டேன். ஒரு கோடு போதவில்லை.

சூப்பர்மார்க்கெட் கல்லாவிலிருந்து
சீருடையோடு வந்திருந்தாள் தேவரஞ்சினி, முன்வரிசைக்காரி.
ஒப்பந்தத் தாளை நான்காக மடித்து வைத்திருந்தாள்.
'............ அணிக்காக விளையாட
மாதம் ஏழாயிரத்து இருநூறு ராண்ட்.'
"என்ன எழவையாவது வையுங்கள்.
இந்தப் புள்ளிகள் மேல் ஏதாவது ஏறினால்தான்
நான் வேலையை விட முடியும்."
ஹாக்கி அவளுக்குக் காசு தரப்போவது இதுவே முதல் தடவை.
இதுவரை வாங்கிக்கொண்டுதான் இருந்தது,
இரண்டு பல் உட்பட.

மின்சாரம் போனது, அட்டவணைப்படி.
இருட்டில் பதினான்கு பேர்.
அப்போது தகரக் கூரைக்கு மேலே
பாக்கி கேட்டு வந்தவன் போல ஒரு கூச்சல்:
ஹா! ஹா! ஹாடிடா!
குனிந்தே நடக்கும், புல்லை விடாமல் குத்தும்,
முகத்திலேயே வளைந்த மட்டையோடு பிறந்தது.
"தன் பெயரைத் தானே கத்துகிறது" என்று
நொம்செபோ சிரித்தாள்.

எந்தக் குமாஸ்தாவும் அதற்குப் பெயர் எழுதவில்லை.
எங்கள் வீட்டில் அண்ணன்மார் நால்வர், வாசல்கள் நான்கு,
படையாச்சிக்கு எழுத்துக்கூட்டும் நான்கு.
துறைமுகத்தில் எவனுக்கோ பேனா வழுக்கியது,
தபால்காரர் இன்னும் குழம்புகிறார்.

கை உயர்ந்ததா என்று இருட்டில் தெரியவில்லை.
'சரி' என்று பன்னிரண்டு குரல் எண்ணினேன்,
குபேந்திரனிடமிருந்து ஒரு பெருமூச்சு.
அதையும் சேர்த்துக்கொண்டேன்.

பிறகு கைபேசி வெளிச்சத்தில் சச்சரவு.
ஹாடிடாவா, ஹடீடாவா, ஹடாடாவா?
நடுவில் வருவது ஏயா, ஈயா?
ஆளுக்கொரு எழுத்து, ஆளுக்கொரு சத்தியம்.
எட்டு மணிக்குக் காவலாளி பூட்டோடு வந்து நின்றார்.
தீர்மானம்: செயலாளர் எழுதுவதே சரி.

தேவரஞ்சினி தாளை என் கையில் திணித்துவிட்டு
கடைசி டாக்ஸிக்கு ஓடினாள்.

இப்போது சமையலறை மேசை, மெழுகுவர்த்தி, என் பேனா.
ஆறு எழுத்து. சட்டைக்கு ஐம்பத்து நான்கு ராண்ட்.
புள்ளிகள் மேல் மெதுவாக, வழுக்காமல் எழுதுகிறேன்.
நான்காவது எழுத்தில்
மை கொஞ்சம் ஊறிவிட்டது.