குலுக்கினால்

கந்தோரில் பகல் முழுக்கக் கட்டங்கள்.
கொள்கலன் இலக்கம், துறைமுகம், தாமத நாள், தண்டப்பணம்.
பிந்தினவற்றுக்குச் சிவப்பு பூசுவது நான்தான்.
அதனால்தானோ என்னவோ
வெள்ளவத்தைக்கு வந்து, முகம் கழுவி,
மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு
ஒரு மணித்தியாலமாக
வெறுங்கட்டங்களைப் பார்த்தபடி இருக்கிறேன்.

ஓடர் பண்ணி இன்னும் வராதவை எத்தனை?
ஒருதரம் எண்ணினால் ஒன்பது.
மறுதரம் பதினொன்று.

மின்வெட்டுக் காலத்தில் சொன்ன கைவிளக்கு
மின்சாரம் ஒழுங்காகி நாலு மாதத்தால் வந்தது.
நீலச் செருப்பில் இடதுகால் மட்டும் வந்தது.
வலதுகால் கேட்டு எழுதிய மூன்று கடிதத்துக்கும்
‘அன்பான வாடிக்கையாளரே’ என்று ஒரே பதில்.
ஒரே தேயிலை வடியை இரண்டுதரம் வாங்கியிருக்கிறேன்,
இரண்டுதரமும் நடுச்சாமம்,
இரண்டுதரமும் திரையில் மலிவு விலை முடிய
நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

ஒரு அட்டவணை போட்டால் என்ன?
பொருள். திகதி. விலை. வந்ததா.
நாலு நிரல் போதும்.
ஆனால் எனக்கு என்னைத் தெரியும்.
அடியில் ஒரு கூட்டல் போடுவேன்.
கூட்டினால் சம்பளத்தில் கழிக்கச் சொல்லும் கை.
பிறகு ‘ஏன் வாங்கினேன்’ என்றொரு நிரல்.
அதை நிரப்பாமல் விட்டால்
என் தொழிற்பழக்கமே அதற்கு மஞ்சள் பூசும்.

போடாவிட்டால்
மறந்துபோன ஒன்று வாசலில் வந்து நிற்கும்.
எப்போதோ ஒரு செவ்வாய்க்கிழமை நான்
இந்த வெள்ளிக்கிழமை எனக்கு
வேறு யாரோ போல அனுப்பியது.
பிரிக்கும்வரை அதற்கு விலையே இல்லை.

இப்படியே விடிந்திருக்கும்.
கதவு தட்டுப்பட்டது.
எதிர்வீட்டு மஸாஹிரா. தோளில் அளவுநாடா,
உதட்டில் இரண்டு குண்டூசி, கையில் ஒரு பெட்டி.
“பெடியன் பதினொரு மணிக்கே கொண்டு வந்த.
காசு குடுத்திட்டன்.”
“எவ்வளவு?”
“இதுக்கு ரெண்டாயிரத்து முந்நூத்தி அம்பது.
முந்தினதும் இருக்கு, பொறுங்க.”

முந்தினதா?

பின்னாலேயே போனேன்.
தையல் மெசினுக்கு மேலே
ஏதோ அரிசி ஆலை கொடுத்த நாட்காட்டி.
பள்ளிச் சீருடை அளவுகளுக்கு நடுவே
பென்சிலில் நான்:

*சின்னப் பெட்டி. கனமில்ல. 890 குடுத்த.*
*பை. மெத்து மெத்து. காசு கட்டியிருக்கு.*
*நீட்டுப் பெட்டி. குலுக்கினா மணிச் சத்தம்.*
*அதே மாதிரி இன்னொண்டு. அதே சத்தம்.*
*ஒரு செருப்புதான் போல. கேக்கல்ல.*

“பிரிச்சுப் பாத்தீங்களா?”
“சீ! கைய வெச்சா வெளங்காதா?”

அதே ஆணியில், இதற்குப் பின்னால்,
போன வருடத்து நாட்காட்டியும் தொங்கியது.
எல்லாமாக எண்ணாயிரத்து நானூற்றுப் பத்து.
“கேக்கத்தான் இருந்த. வேலையால வரக்குள்ள
ஒங்கட மொகத்தப் பாத்தா
கேக்க மனம் வரல்ல.”

கையில் இருந்த ஐயாயிரத்தைக் கொடுத்தேன்.
அவள் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து
என் முன்னாலேயே கழித்தாள். பிழையில்லை.

திரை இருண்டு போயிருந்தது. எழுப்பினேன்.
முதல் கட்டத்தில்: மஸாஹிரா, 3,410.
சிவப்பு.
அடுத்த நிரலுக்குத் தலைப்பு: குலுக்கினால்.

பெட்டியைக் காதோடு வைத்துக் குலுக்கினேன்.
தகரத்துக்குள் மணல் ஓடுகிற மாதிரி.
நான் மணல் வாங்கவில்லை.
அப்படியே எழுதினேன்,
பொருளுக்கு நிரல் போடவில்லை, பெட்டியையும் பிரிக்கவில்லை.

கடற்கரைப் பக்கம் கடைசி ரயில் போகிறது.
கீழே ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் ஒன்று நின்று
ஹோர்ன் அடிக்கிறது, இந்த நேரத்தில்.
எனக்காக இருக்காது.
இருக்கலாம்.