மேல்காற்றுக்கு முதுகு

கடை திறந்து நாலாவது நாளும் புகைதான்.
சாம்பார் கொதிக்கவில்லை, கண் கொதித்தது.
லாரிக்காரர் ஒருவர் இட்லியைப் பிட்டு மோந்து
"கருவாடு போட்டியளாக்கா?" என்றார்.
சிரித்தவர்களிடமும் காசு வாங்கினேன்.

பண்பொழிச் சாலையில் ஆனிச் சாரல்
மேலிருந்து விழுவதில்லை,
மலை இடுக்கிலிருந்து நடந்து வரும்.
தார்ப்பாய்க்குள் வரும், உப்பு டப்பாவுக்குள் வரும்,
அடுக்கிவைத்த உடைமர விறகின்
நெஞ்சுக்குள் போய் உட்காரும்.
வெட்டுவாயில் நுரை தள்ளி
உஸ் உஸ்ஸென்று கட்டைகள் முனகும்.
ஊதினேன்.
என் மூச்சைத் தின்ற தீ
அடுத்த மூச்சுக்காகப் படுத்தே கிடந்தது.

"அடுப்புக்கு உன்னப் பிடிக்கல" என்று நாத்தனார்
குங்குமம் வைத்தாள். அதுவும் கறுத்தது.
பாக்கி கேட்க வந்த விறகுக்கடை செய்யது மசூது
எட்டிப் பார்த்து,
"இன்னும் ரெண்டு கட்டை திணியும்மா" என்றார்.
விற்பவர் வேறென்ன சொல்வார். திணித்தேன்.
சவத்து அடுப்பு, செத்தே போச்சு.

அன்று ராத்திரி எச்சில் இலை அள்ளும்போது
பாதி கருகிய பீடி ஒன்று கிடந்தது,
இழுபடாமல் யாரோ வீசியது.
எடுத்து உருட்டிப் பார்த்தேன்.
இறுக்கம். கல் மாதிரி இறுக்கம்.
பதினோரு வருஷம் சுற்றிய விரல், பொய் சொல்லாது.
தூளைக் கூட்டி இறுக்கிக் கட்டினால்
செக்கர் மாடக்கண்ணு சுளகோரம் ஒதுக்குவார்:
"காத்து எங்கிட்டுப் போவும், ஆவுடை?"

எங்கிட்டுப் போவும்.

விளக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.
அடியில் நாலு நாள் சாம்பல், வாய் வரைக்கும்.
வாயோ மேற்கே பார்த்து,
கணவாய்க் காற்றை முழுசாக விழுங்கி
என் முகத்தில் துப்பிக்கொண்டு.
கடப்பாரை எடுத்தேன்.
மேலண்டை வாயைச் செங்கலும் மண்ணுமாக அடைத்து
கீழண்டையில் ஒன்று திறந்தேன்.
பழைய ஜன்னல் கம்பி நாலைப் படுக்கப் போட்டேன்:
விறகு மேலே, வெறுமை கீழே.
பின்சுவரில் புகைக்கு ஒரு துளை,
முழங்கை போகிற அளவு. விட்டுப் பார்த்துவிட்டேன்.

விடியுமுன் விறகை ஒன்றோடொன்று தட்டினேன்.
தொப்பென்றவை அடுப்போரம் காயட்டும்.
டங்கென்றவை வாருங்கள்.
கொதும்பு, சில்லாட்டை, சுள்ளி, அப்புறம்
மூன்றே மூன்று உடங்கட்டை,
ஒன்றையொன்று தொடாமல்
பேசிக்கொள்ளும் தூரத்தில்.

ஊதவில்லை.
அதுவாக இழுத்தது.
தூரத்து லாரி மேடேறுவதுபோல்
ஒரே சீராய் ஓர் உறுமல்.
அண்டாவின் அடி முழுக்க மஞ்சள்,
பிறகு மஞ்சளுமில்லை, சூடு மட்டும்.
கால்மணிக்கு ஒருதரம் கட்டையை
ஒரு விரற்கடை உள்ளே தள்ளினால் போதும்.
மற்ற நேரம் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
மடியில் வைத்தேன். அது தானாகப் பீடி சுற்றியது.

ஆறு மணிக்கு அதே லாரிக்காரர்.
கூரையைப் பார்த்தார், என் கண்ணைப் பார்த்தார்.
"கேஸ் வந்துட்டா?"

"கருவாடு தீந்துபோச்சு" என்றேன்.
எட்டு இட்லி தின்றார்.