பத்துக்கு எவ்வளவு

மஞ்சக்குப்பத்தில்
ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை.
ரெஜினாள் டாக்டர் நாற்காலியைச் சாய்வாக இழுத்துப் போட்டு
இரண்டு விரலை என் முகத்துக்கு நேரே நிறுத்துகிறார்.
"தலை திரும்பக் கூடாது. கண்ணு மட்டும்."

பதினேழு வருடம் ரயிலோட்டிய கண்.
சிக்னல், தண்டவாளம், சிக்னல்.
பக்கத்தில் பார்ப்பது பயணிகள் வேலை.

"எந்தப் படம் ரொம்ப மோசம்?"
சைக்கிள் என்றேன்.
ஆள் இல்லையா என்று அவர் கேட்கவில்லை.

ஆலப்பாக்கம் தாண்டி, காலை ஆறு நாற்பது.
தண்டவாளத்தில் சிக்கிய பின்சக்கரத்தை
ஒருவர் குனிந்து உருவிக்கொண்டிருந்தார்.
கேரியரில் மீன்பெட்டி.
ஹாரன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன்.
வண்டி நிற்க அறுநூறு மீட்டராவது வேண்டும்,
எங்களுக்குள் இருந்தது இருநூறு.
நிமிர்ந்தார்.
சைக்கிளை விடவில்லை.

"பத்துக்கு எவ்வளவு?"
ஒன்பது.

விரல் போகிறது, வருகிறது.
நகத்தில் பாதி அழிந்த மருதாணி.
கண் அதன் பின்னாலேயே ஓடுகிறது.
இதை எங்கோ பார்த்திருக்கிறேன்.
லீவு நாளில் கேட்டில் நின்றபோது
பக்கத்து ஸ்கூட்டர்காரரின் கருவிழி
பெட்டி பெட்டியாகத் தாவிக்கொண்டிருந்தது,
யாரோ ஓட்டிய ரயிலைப் பார்த்து.

"நிறுத்துங்க. மூச்சு விடுங்க. என்ன வருது?"
அழுகை வரும் என்று நினைத்திருந்தேன்.
கோபம் வந்தது.
ஏன்யா விடல, பழைய சைக்கிள்தானே,
வித்தா ஆயிரம் தேறுமா என்று
செத்தவரைத் திட்டினேன், சத்தமாக.
கீழே ஜெராக்ஸ் மெஷின் ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது.
"அதோடயே போங்க" என்றார் ரெஜினாள்.
விரல் மறுபடி கிளம்பியது.

நாலாவது வாரம்
படத்தின் ஓரத்தில் ஏதோ அசைந்தது.
இடப்பக்கம் சவுக்குத் தோப்பு.
அதிலிருந்து ஒரு பெண் முந்தானையை வீசி வீசி
ஓடி வருகிறாள், வாய் திறந்திருக்கிறது.
ஆக, அன்று கத்தியது நான் மட்டுமில்லை.
நிஜமாக இருந்தாளா,
மனசு பிறகு கொண்டுவந்து நிறுத்தியதா, தெரியாது.
டாக்டரும் துருவவில்லை.
அன்று ராத்திரி
வீட்டில் மீன் குழம்பு வைக்கச் சொன்னேன்,
எட்டு மாதத்துக்குப் பிறகு.
அமலோற்பவம் ஒன்றும் பேசாமல் புளியை ஊறவைத்தாள்.

இப்போது மறுபடி அதே லைன்.
அந்த இடத்துக்கு வேகக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது.
கூட வரும் அசிஸ்டென்ட் சதக்கத்துல்லா
சவுக்குத் தோப்பு வரும்போது மெதுவாகக் கேட்பான்:
"பத்துக்கு எவ்ளோ, சார்?"
நாலு என்பேன்.
சில நாள் ஐந்து.
ஆள் இல்லாத தண்டவாளத்தைப் பார்த்து
விதியில் சொன்னதைவிடக் கொஞ்சம் நீளமாக
ஹாரன் அடிப்பேன்.
அடித்துவிட்டு, ஒரே ஒரு நொடி,
இடப்பக்கம் பார்ப்பேன்.