படர்க்கை ஒருமை

கிரிம்ஸ்பி நூலகத்தின் மாடியில்
செவ்வாய்தோறும் ஆறரைக்கு வகுப்பு.
எலுமிச்சை போட்டுக் கழுவிய பிறகும்
என் பென்சிலில் காட் மீன் வாடை.

'நான் மீன் வெட்டுகிறேன்' என்று எழுதச் சொன்னார் பெவர்லி.
இப்போது வெட்டவில்லையே என்றேன்.
இந்த நிமிஷத்துக்கு வேறொன்று இருக்கிறதாம்,
அது ஐஎன்ஜி மாட்டிக்கொண்டு வரும்.
இது அப்படியில்லை.
நேற்றும் வெட்டி நாளையும் வெட்டப்போகிறவள்
பென்சில் பிடித்திருக்கும்போதும்
மீன் வெட்டுகிறாள்.
சூரியன் கிழக்கே உதிக்கிறது,
என் ஷிப்ட் ஐந்தரைக்குத் தொடங்குகிறது:
இரண்டும் ஒரே கணக்கில்.

ஐ கட். யூ கட். வீ கட். தே கட்.
யாருக்கும் வளையாத வினைச்சொல்
ஹி வந்தால் மட்டும் வால் முளைக்கிறது.
ஸ்பிக்னியெவ் அந்த வாலைத் தொலைத்துவிடுவான்.
'மேனேஜர் கட் சேலரி' என்றான்.
எஸ், எஸ் என்றார் பெவர்லி.
ஆமாம் என்கிறார் போல என்று
அவனும் பலமாகத் தலையாட்டினான்.

அதே வாக்கியத்தில் இல்லை போட்டோம்.
எஸ் வினையை விட்டுத் துள்ளி
டஸ்ஸின் முதுகில் ஏறிக்கொண்டது.
கேள்வி கேட்டாலும் அங்கேதான் ஓடுகிறது.

ஏன் அந்த ஓர் ஆளுக்கு மட்டும்?
பெவர்லிக்கும் தெரியவில்லை.
நானும் நீயும் இந்த அறையில் இருக்கிறோம்,
அவர்கள் என்றால் துணைக்கு ஆள் உண்டு.
இங்கே இல்லாத ஒற்றை ஆள்
பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டாமா
என்று நானே வைத்துக்கொண்டேன்.

வீட்டுப்பாடம்: குடும்பத்தில் ஒருவரைப் பற்றி.
செலமாவிட் எழுந்து வாசித்தாள்.
என் தம்பி ரேடியோ ரிப்பேர் செய்கிறான்.
வெங்காயத்தை வெறுக்கிறான்.
தூக்கத்தில் சிரிக்கிறான்.
ஓர் எஸ் கூடத் தவறவில்லை.

வேர் டஸ் ஹி லிவ்? என்றார் பெவர்லி,
கேள்வி எப்படி அமைகிறது என்று காட்டத்தான்.

ஹீட்டர் ஒருமுறை இருமியது.
அவன் லிபியாவில் படகு ஏறிய கதையை
லாக்கர் அறையில் எங்களிடம் சொல்லியிருக்கிறாள்,
கைகளால், பாதி.
இறந்தகாலம் அடுத்த டெர்மில்தான்.

'ஹி லிவ்ஸ்' என்றாள்.
பெவர்லி ஊர்ப்பெயருக்காகக் காத்திருந்தார்,
மார்க்கர் மூடியைத் திறந்தபடி.
'ஹி லிவ்ஸ்.'

எழுவாய், பயனிலை, எஸ், முற்றுப்புள்ளி.
நோட்டை வாங்கி ஒரு டிக் போட்டார்,
கொஞ்சம் பெரியதாகவே.

'பஸ் லீவ் எய்ட் ஓ கிளாக்' என்றான் ஸ்பிக்னியெவ்
கோட்டை எடுத்துக்கொண்டு.
யாரும் திருத்தவில்லை.